மார்கழி சபாவா, மாற்று மேடையா? 1941-லேயே இந்தப் போட்டிக்குப் பிள்ளையார் சுழி போட்ட செட்டிநாடு

டிசம்பர் பிறந்துவிட்டால் உங்கள் மொபைலுக்கு இரண்டு விதமான போஸ்டர்கள் வர ஆரம்பித்துவிடும். ஒன்றில் பட்டுப்புடவை, தம்புரா, சபாவின் பெயர், அடியில் வரிசையாக ஸ்பான்சர்களின் லோகோ. இன்னொன்றில் பறை, கானா, ஒப்பாரி, ராப். இரண்டுமே மார்கழி இசை விழாக்கள்தான். ஒன்றைப் பெரிய விழா என்கிறோம், இன்னொன்றை மாற்று விழா என்கிறோம்.

காரைக்குடியில் விடியற்காலை பல்லவன் எக்ஸ்பிரஸ் ஏறினால் மதியம் வாக்கில் எழும்பூர். அங்கே இறங்கும் ஒருவர் எந்தப் பக்கம் போவது? மயிலாப்பூர், ராயப்பேட்டை சபாக்கள் பக்கமா, மக்களிசை மேடை பக்கமா? இது வெறும் ரசனை சம்பந்தப்பட்ட கேள்வி இல்லை. மேடையில் யார் உட்காரலாம், எந்த மொழியில் பாடலாம், எந்த வாத்தியம் உள்ளே வரலாம், பாடியவருக்குக் கையில் காசு வருமா என்பதெல்லாம் இதில் அடங்கியிருக்கிறது.

இந்தச் சண்டை ஏதோ சமீபத்தில் சமூக வலைதளத்தில் கிளம்பியது என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் இதற்கு 80 வயதுக்கு மேல் ஆகிறது. அதன் வேரில் ஒன்று கானாடுகாத்தானில் இருக்கிறது, இன்னொன்று அரியக்குடியில் இருக்கிறது. இரண்டு ஊருக்கும் நடுவில் காரைக்குடி.

மார்கழி சீசன் எப்படித் தொடங்கியது?

1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மாநாடு நடந்தது. அதோடு சேர்த்து ஓர் அகில இந்திய இசை மாநாட்டையும் நடத்தினார்கள். அதன் தொடர்ச்சியாக 1928-ல் பிறந்ததுதான் மியூசிக் அகாடமி. ஒவ்வொரு ஆண்டும் டிசம்பரில் மாநாடும் கச்சேரிகளும் நடத்துவது என்று வழக்கமானது. பிறகு இந்தியன் ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டி, கிருஷ்ண கான சபா, நாரத கான சபா என்று ஒவ்வொன்றாக வந்து சேர்ந்துகொண்டன. அதற்கு முன்பே பார்த்தசாரதி சுவாமி சபா இருந்தது.

ஆக, இன்று நாம் ஏதோ ஆதிகாலத்து வழக்கம்போல நினைக்கும் மார்கழி சீசனுக்கு வயது நூறுகூட நிரம்பவில்லை. அரண்மனையிலும் கோயிலிலும் கல்யாண வீட்டிலும் இருந்த இசை, டிக்கெட் வாங்கி உட்காரும் அரங்கத்துக்கு இடம் மாறிய காலம் அது. ஆதரித்துவந்த ஜமீன்களும் சமஸ்தானங்களும் தளர்ந்துபோக, நகரத்து வக்கீல்களும் டாக்டர்களும் அதிகாரிகளும் அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டார்கள். எடுத்துக்கொண்டவர்களின் ரசனைதான் மேடையின் ரசனை ஆனது. இதை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் நடந்தது எல்லாம் புரியும்.

அரியக்குடிக்காரர் போட்ட பாதை

இப்போது ஒரு கச்சேரிக்குப் போனால் நிகழ்ச்சி நிரல் ஏறக்குறைய இப்படி இருக்கும்: முதலில் வர்ணம், அடுத்து சில கீர்த்தனைகள், நடுவில் விரிவாக ஒரு பெரிய உருப்படி, தனி ஆவர்த்தனம், முடிந்தால் ராகம் தானம் பல்லவி, கடைசியாகச் சின்னச் சின்ன 'துக்கடா'க்கள், மங்களம். இந்த வரிசையை நிலைநிறுத்தியவர் என்று இசை உலகம் கைகாட்டுவது அரியக்குடி ராமானுஜ அய்யங்காரை. 1890-ல் காரைக்குடி பக்கத்து அரியக்குடியில் பிறந்தவர். 1938-ல் அகாடமி மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர்.

அவர் காலத்துக்கு முன்பு ஒரே ராகத்தை மணிக்கணக்கில் ஆலாபனை செய்வது, ஒரே பல்லவியில் இரவைக் கழிப்பது என்றெல்லாம் இருந்தது. அவர் அதைச் சுருக்கி, விறுவிறுப்பாக்கி, இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் எல்லாச் சுவையும் கிடைக்கும்படி செய்தார். ஆபீஸ் முடிந்து வந்து உட்காரும் நகரத்து ரசிகருக்கு இது கச்சிதமாகப் பொருந்தியது. ஃபுல் மீல்ஸ் மாதிரி என்று சொன்னால் தப்பில்லை.

ஆனால் இந்தச் சாப்பாட்டு இலையில் தமிழ்ப் பாட்டுக்கு எந்த இடம்? பெரிய உருப்படிகள் பெரும்பாலும் தியாகராஜர், தீட்சிதர், சியாமா சாஸ்திரி ஆகிய மும்மூர்த்திகளுடையவை, அதாவது தெலுங்கும் சமஸ்கிருதமும். தமிழ் பெரும்பாலும் இலையின் ஓரத்தில், அந்த 'துக்கடா' பகுதியில். பழியை அரியக்குடியார் தலையில் கட்டிவிட முடியாது. திருப்பாவைப் பாசுரங்களுக்கு மெட்டமைத்து மேடையில் பரப்பியவரே அவர்தான். எந்த வரிசைக்கும் ஒரு முன்பக்கம், ஒரு பின்பக்கம் இருக்கும். எதை எங்கே வைப்பது என்று முடிவு செய்தது அந்தக் காலத்து வித்வான்களும் சபாக்களும் சேர்ந்துதான்.

கானாடுகாத்தான்காரர் எழுப்பிய கேள்வி

அந்தப் பின்பக்கத்தைப் பார்த்துத்தான் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் கேள்வி எழுப்பினார். 1881-ல் கானாடுகாத்தானில் பிறந்தவர். சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை நிறுவியவர். அங்கேயே இசைக் கல்லூரியும் வைத்தவர். இன்று கானாடுகாத்தான் அரண்மனை வாசலில் நின்று செல்ஃபி எடுக்கிறவர்களில் எத்தனை பேருக்கு இந்தப் பக்கம் தெரியும் என்பது சந்தேகமே. வந்தோமா, தூணையும் ஆத்தங்குடி டைல்ஸையும் பார்த்தோமா, செட்டிநாடு சாப்பாடு சாப்பிட்டோமா என்று கிளம்பிவிடுகிறோம்.

1941 ஆகஸ்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழிசை மாநாடு கூடியது. கேட்டது இதுதான்: தமிழ்நாட்டில் நடக்கும் கச்சேரியில் தமிழ்ப் பாட்டுகளே பெரும்பகுதியாக இருக்க வேண்டும். அடுத்தடுத்து திருச்சி, தேவகோட்டை என்று பல ஊர்களில் மாநாடுகள் நடந்தன.

எதிர்ப்பு உடனே வந்தது. இசைக்கு மொழி கிடையாது, சங்கீதத்தில் மொழிச் சண்டையைக் கொண்டுவராதீர்கள், தியாகராஜர் கீர்த்தனைகளை ஒதுக்கினால் நஷ்டம் நமக்குத்தான் என்பது அகாடமி தரப்பின் வாதம். பாடுகிறவருக்கும் புரியாமல் கேட்கிறவருக்கும் புரியாமல் எதற்குப் பாட்டு என்பது மறுதரப்பின் வாதம். இந்தப் பக்கம் நின்றவர்கள் பட்டியலைப் பார்த்தால் கொஞ்சம் ஆச்சரியமாக இருக்கும். ராஜாஜி, ரசிகமணி டி.கே.சி., கல்கி ஒருபுறம். பெரியார், அண்ணா இன்னொரு புறம். வேறு எந்த விஷயத்திலும் ஒரே வரிசையில் உட்காராதவர்கள் இதில் ஒன்றாக நின்றார்கள். கல்கி பத்திரிகையில் எழுதிக் குவித்தார்.

பேச்சோடு நிற்கவில்லை. 1943-ல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தொடங்கப்பட்டது. அகாடமி விழா நடத்தும் அதே டிசம்பரில் இவர்களும் விழா நடத்தினார்கள். இதுதான் முக்கியம். 'எங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள்' என்று மனு கொடுக்கவில்லை; அதே மாதத்தில், அதே நகரத்தில் வேறொரு மேடையைப் போட்டார்கள். 1952-ல் உயர் நீதிமன்றம் பக்கத்தில் ராஜா அண்ணாமலை மன்றம் சொந்தக் கட்டடமாகவே எழுந்தது. அண்ணாமலைச் செட்டியார் அதைப் பார்க்க இல்லை. 1948-லேயே மறைந்துவிட்டார். மதுரையில் ராஜா முத்தையா மன்றம் வந்ததும் இதன் தொடர்ச்சிதான்.

சென்னையின் 'மாற்று மேடை' என்ற எண்ணத்துக்குக் காசும் கட்டடமும் கொடுத்தவர் செட்டிநாட்டின் ராஜா. மாற்று விழா என்றாலே பணமில்லாத இளைஞர்கள் தெருவில் நடத்துவது என்று இப்போது ஒரு பிம்பம் இருக்கிறது. அந்தப் பிம்பத்துக்குள் இது அடங்காது.

அந்த மாற்று விழா என்ன ஆனது?

இரண்டு விதமாகவும் சொல்லலாம்.

ஜெயித்தது என்று சொல்ல ஆதாரம் இருக்கிறது. பண் ஆராய்ச்சி கூட்டங்கள் நடத்தி, தேவாரப் பண்களுக்கும் ஓதுவார்களுக்கும் அறிஞர் சபையில் இடம் வாங்கிக் கொடுத்தது தமிழ் இசைச் சங்கம். 'இசைப்பேரறிஞர்' பட்டம் இன்றும் மதிப்போடு வழங்கப்படுகிறது. பாபநாசம் சிவன், கோபாலகிருஷ்ண பாரதி பாடல்கள் மேடையில் நிலைத்ததில் இந்த இயக்கத்துக்குப் பங்கு உண்டு. இன்று எந்தச் சபாவிலும் தமிழ்ப் பாட்டே இல்லாமல் கச்சேரி செய்துவிட்டு யாரும் நிம்மதியாக இறங்க முடியாது.

தோற்றது என்று சொல்லவும் ஆதாரம் இருக்கிறது. மொழி மாறியது, மேடையின் அமைப்பு மாறவில்லை. அதே அரங்கம், அதே பக்கவாத்தியம், அதே கச்சேரி வரிசை. பெரும்பாலும் அதே வித்வான்கள். அங்கே தெலுங்கில் பாடியவர் இங்கே வந்து தமிழில் பாடினார். உழவுப் பாட்டும் ஒப்பாரியும் தமிழ்தானே? அவை எங்கே? பறையும் தமிழர் இசைதானே? அது வாசலுக்கு வெளியேதான் நின்றது. ரசிகர்களின் பெருங்கூட்டமும் கொஞ்ச நாளில் மயிலாப்பூர் பக்கமே திரும்பிவிட்டது.

என் கணிப்பில், இரண்டாவது பதில்தான் அடுத்த தலைமுறை மாற்று விழாக்களுக்கு விதை போட்டது.

சபாவில் என்ன குறை? காசு விஷயத்தைக் கொஞ்சம் பார்ப்போம்

பெரிய விழாக்களைத் திட்டுவது எளிது. ஆனால் அவற்றால்தான் நூற்றுக்கணக்கான கச்சேரிகள் ஒரே மாதத்தில் நடக்கின்றன. மதியம் 12 மணிக்கும் 2 மணிக்கும் இலவசமாகவே உட்கார்ந்து கேட்கலாம். (கேன்டீன் கீரை வடைக்காகவே சபாவுக்குப் போகிறவர்களும் உண்டு. அவர்களையும் ரசிகர் கணக்கில்தான் சேர்க்க வேண்டும்.) சென்னைக்கு 2017-ல் யுனெஸ்கோவின் படைப்பாக்க நகரங்கள் பட்டியலில் இசைக்காக இடம் கிடைத்ததற்கு இந்த மரபும் ஒரு காரணம்.

பிரச்னை ஸ்லாட்டில் இருக்கிறது. மாலை நேர ஸ்லாட் நட்சத்திரங்களுக்கு. டிக்கெட் அப்போதுதான் விற்கும். வளரும் கலைஞர்களுக்கு மதியம். அங்கே டிக்கெட் இல்லை, எனவே சன்மானமும் பெயருக்குத்தான். போக்குவரத்துச் செலவுக்குக்கூடப் போதாது என்ற புலம்பலும், வாய்ப்புக்காகக் கலைஞர் தரப்பே ஸ்பான்சர் பிடித்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது என்ற புகாரும் பல வருடங்களாகக் கேட்பவை. காரைக்குடியிலிருந்தோ சிவகங்கையிலிருந்தோ ஒரு மாணவர் சென்னைக்குப் போய் அறை எடுத்துத் தங்கி, பக்கவாத்தியக்காரர்களுக்கும் கொடுத்து, ஒரு மதியக் கச்சேரி செய்துவிட்டுத் திரும்பினால் கணக்கு மைனஸில்தான் நிற்கும். சென்னையிலேயே வீடு இருப்பவருக்கு அந்த மைனஸ் சின்னது. அதனால் யார் தாக்குப்பிடிக்கிறார்கள் என்பதில் திறமை மட்டும் தீர்ப்புச் சொல்வதில்லை.

அடுத்தது அங்கீகாரம். நாதஸ்வரச் சக்கரவர்த்தி என்று ஊரே கொண்டாடிய டி.என். ராஜரத்தினம் பிள்ளைக்குச் சங்கீத கலாநிதி கடைசிவரை கிடைக்கவில்லை. எம்.எஸ். சுப்புலட்சுமி 1968-ல் அந்தப் பட்டத்தைப் பெற்றபோது, அதைப் பெற்ற முதல் பெண் அவர்தான். அகாடமி தொடங்கி 40 வருடங்கள் ஆகியிருந்தன.

பெண்களைப் பற்றிச் சொல்லும்போது திருவையாற்றையும் சொல்லிவிட வேண்டும். தியாகராஜர் ஆராதனை ஒரு காலத்தில் 'பெரிய கட்சி', 'சின்ன கட்சி' என்று பிரிந்து கிடந்தது. இரண்டு கட்சியிலும் பெண்கள் பாட இடமில்லை. சமாதியில் சொந்தக் காசைப் போட்டுக் கோயில் எழுப்பிய பெங்களூர் நாகரத்தினம்மாளுக்கே அனுமதி இல்லை. அவர் என்ன செய்தார்? மூன்றாவதாகப் பெண்கள் கட்சி ஒன்றைத் தொடங்கித் தனி விழா நடத்தினார். 1940-41 வாக்கில் எல்லாம் ஒன்றாகின. இன்று பஞ்சரத்ன கீர்த்தனை பாடும்போது பெண்கள் வரிசை இல்லாத ஆராதனையைக் கற்பனை செய்ய முடியுமா? பிற்காலத்தில் அந்த ஆராதனையை நடத்தும் சபாவில் பொறுப்பு வகித்தவர்களில் நம்ம குன்றக்குடி வைத்தியநாதனும் ஒருவர் என்பது கூடுதல் தகவல்.

குப்பத்திலிருந்து மக்களிசை வரை

2015-ல் பெசன்ட் நகர் பக்கத்து மீனவர் குடியிருப்பில் ஊரூர் ஆல்காட் குப்பம் விழா தொடங்கியது. பாடகர் டி.எம். கிருஷ்ணா, சூழலியல் செயற்பாட்டாளர் நித்யானந்த் ஜெயராமன் உள்ளிட்டோர் குப்பத்து மக்களோடு சேர்ந்து நடத்தினார்கள். கர்னாடக இசை, பரதநாட்டியம், பறையாட்டம், கூத்து எல்லாம் ஒரே மேடையில். அதே ஆண்டில் டிசம்பர் சீசனில் இனிப் பாடப் போவதில்லை என்று கிருஷ்ணா அறிவித்தார்.

பாராட்டோடு கேள்வியும் வந்தது. குப்பத்துக்குக் கர்னாடக சங்கீதத்தைக் கொண்டுபோவது, 'உயர்ந்ததை' இறக்கிக் கொடுப்பது ஆகாதா? அங்கேயே இருக்கும் இசைக்கு மேடை கொடுத்தால் போதாதா? நியாயமான கேள்விதான்.

அதற்கு வேறு திசையிலிருந்து ஒரு பதில் வந்தது. 2018 ஜனவரியில் இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம் முன்னெடுத்த 'கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு சென்னையில் முதல்முறை மேடை ஏறியது. 2020 டிசம்பரில் அதே மையம் 'மார்கழியில் மக்களிசை'யைத் தொடங்கியது. பெயரைக் கவனியுங்கள். தை மாதத்திலோ சித்திரையிலோ வைத்திருக்கலாம். வேண்டுமென்றேதான் மார்கழி. 1943-ல் தமிழ் இசைச் சங்கம் செய்த அதே வேலை. ஆனால் இந்த முறை மேடையில் கானா, ஒப்பாரி, பறை, நாட்டுப்புறப் பாட்டு, ராப். 2021-ல் மதுரை, கோவைக்கும் விழா போனது. மூத்த கலைஞர்களுக்கு 'மக்களிசை மாமணி' விருதும் கொடுக்கிறார்கள். சபா பட்டம் கொடுத்தால் நாங்களும் கொடுப்போம்!

மாற்று விழாக்காரர் பெரிய மேடைக்குத் திரும்பினால் என்ன ஆகும்? அதையும் பார்த்துவிட்டோம். 2024 மார்ச்சில் டி.எம். கிருஷ்ணாவுக்குச் சங்கீத கலாநிதியை மியூசிக் அகாடமி அறிவித்தது. அவர் பெரியாரைப் புகழ்ந்ததையும் கர்னாடக இசை உலகைச் சாடியதையும் காரணம் காட்டி ரஞ்சனி - காயத்ரி சகோதரிகள் அந்த ஆண்டு அகாடமி விழாவிலிருந்து விலகினார்கள். இன்னும் சிலரும் விலகினார்கள். எம்.எஸ். பெயரில் தரப்படும் ரொக்க விருது தொடர்பான வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அகாடமி பட்டத்துக்கு அது தடையாகவில்லை. 2024 டிசம்பர் 25 அன்று அகாடமியில் அவர் பாடினார். 2025 ஜனவரி 1-ல் பட்டம் பெற்றார். ஒதுங்கிப் போனவரை உள்ளே அழைத்தது அகாடமியின் பெருந்தன்மையா, அல்லது மாற்றுக் குரலை உள்ளே இழுத்துச் செரித்துக்கொள்ளும் உத்தியா? உங்கள் பதில் நீங்கள் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

அரசு நடத்தினால் தீர்ந்துவிடுமா?

2007-ல் தொடங்கிய 'சென்னை சங்கமம்' பொங்கல் சமயத்தில் பூங்காக்களுக்கும் தெருக்களுக்கும் நாட்டுப்புறக் கலைகளைக் கொண்டுவந்தது. கரகம், காவடி, பறை, தேவராட்டம் என்று மாவட்டங்களிலிருந்து கலைஞர்கள் வந்தார்கள். 2011-ல் ஆட்சி மாறியதும் விழா நின்றது. மறுபடி ஆட்சி மாறியபின் 2023 ஜனவரியில் 'நம்ம ஊரு திருவிழா'வாகத் திரும்பி வந்தது. இடையில் அந்தப் பத்துப் பதினோரு வருடங்கள் அந்த மேடையை நம்பி வந்த கரகாட்டக் கலைஞர் என்ன செய்திருப்பார்? அரசு விழாவில் டிக்கெட் இல்லை, கூட்டம் வருகிறது, சம்பளமும் வருகிறது. ஆனால் விழாவின் ஆயுள் தேர்தல் முடிவைப் பொறுத்தது.

சரி, டிக்கெட் வைத்துப் பெரிசாக நடத்தினால்? 2023 செப்டம்பர் 10 அன்று சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையில் நடந்த ஏ.ஆர். ரஹ்மானின் 'மறக்குமா நெஞ்சம்' நிகழ்ச்சியை நினைத்துப் பாருங்கள். ஆயிரக்கணக்கில் கொடுத்து டிக்கெட் வாங்கியவர்களே உள்ளே போக முடியாமல் நெரிசலில் தவித்துத் திரும்பினார்கள். ஏற்பாட்டாளர்கள் மன்னிப்புக் கேட்டார்கள், பணம் திருப்பித் தருவதாகவும் அறிவித்தார்கள். சின்ன விழாவில் மைக் சரியில்லை, நாற்காலி போதவில்லை என்று குறைபட்டுக்கொள்கிறவர்கள் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம்.

வெளிநாட்டில் எப்படி?

ஒரே ஓர் உதாரணம். 1947-ல் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் சர்வதேச கலை விழா தொடங்கியது. அழைப்பு இல்லாத எட்டு நாடகக் குழுக்கள் தாங்களாகவே வந்து, கிடைத்த இடங்களில் நிகழ்ச்சி நடத்தின. அதுதான் இன்றைய 'எடின்பரோ ஃப்ரிஞ்ச்'. 'ஓரம்' என்ற பொருளில் பெயர் வைக்கப்பட்ட அந்த விழா இப்போது மைய விழாவைவிடப் பல மடங்கு பெரிது. பெரிதானதும் அங்கேயும் அதே புகார்தான்: தங்கும் செலவு தாங்கவில்லை, சின்னக் குழுக்களுக்குக் கட்டுப்படியாகவில்லை.

செட்டிநாட்டில் இன்று என்ன இருக்கிறது?

பெயரில் ஊரைச் சுமந்தவர்களுக்குக் குறைவில்லை. வீணையில் காரைக்குடி சகோதரர்கள் சுப்பராம அய்யரும் சாம்பசிவ அய்யரும். அண்ணன் வீணையைச் செங்குத்தாக நிறுத்தி வாசிப்பாராம். தம்பி 1952-ல் சங்கீத கலாநிதி ஆனார், கலாக்ஷேத்திராவில் கற்றுக்கொடுத்தார். மிருதங்கத்தில் காரைக்குடி மணி, 2023 மே மாதம் மறைந்தார். வயலினில் குன்னக்குடி. எல்லோரும் சென்னையில்தான் பெரிய பெயர் வாங்கினார்கள். ஊர்ப் பெயர் மேடைக்குப் போனது, மேடை ஊருக்கு வரவில்லை.

விழா நடத்தத் தெரியாத ஊரும் இல்லை இது. 1939-ல் சா. கணேசன் தொடங்கிய காரைக்குடி கம்பன் கழகத்தின் கம்பன் விழா, பங்குனியில் இன்றும் நடக்கிறது. காரைக்குடியில் தொடங்கி, நிறைவு நாளில் கம்பன் சமாதி இருக்கும் நாட்டரசன்கோட்டைக்குப் போகும். இலக்கிய விழாதான், ஆனால் ஒரு சிற்றூர் எண்பது வருடங்களுக்கு மேல் ஒரு விழாவை எப்படித் தாங்கி நிறுத்தலாம் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் பக்கத்தில் கிடைக்காது.

இன்னொரு பக்கம் கொல்லங்குடி கருப்பாயி. சிவகங்கை மாவட்டத்துக் கொல்லங்குடிக்காரர். வயல்காட்டுப் பாட்டு வானொலி வழியாக வெளியே வந்து, 1985-ல் 'ஆண் பாவம்' படத்தில் பாட்டியாக நடித்து ஊருக்கெல்லாம் தெரிந்தார். கலைமாமணி விருதும் வாங்கினார். முதுமையில் வறுமையில் இருக்கிறார், உதவி தேவை என்ற செய்திகளும் அடிக்கடி வந்தன. 2025 ஜூனில் 99 வயதில் காலமானார். அவர் வாழ்ந்த இந்த நூற்றாண்டில்தான் அகாடமியும் வந்தது, தமிழ் இசைச் சங்கமும் வந்தது. இரண்டு மேடையும் அவருடைய பாட்டைக் கேட்டுக் கட்டப்பட்டவை அல்ல. வானொலியும் சினிமாவும்தான் அவரைக் கண்டுபிடித்தன. நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு நல வாரியம் இருக்கிறது, உதவித்தொகை இருக்கிறது. ஆனால் உதவித்தொகையும் சம்பளமும் ஒன்றல்ல. ஒன்று மனுப் போட்டு வாங்குவது, இன்னொன்று பாடி வாங்குவது.

விழா என்ற பெயரே இல்லாமல் இந்தப் பகுதியில் நடக்கும் மிகப் பெரிய இசை நிகழ்ச்சி எது என்று கேட்டால், என் பதில்: நாடகம். சங்கரதாஸ் சுவாமிகள் வழி வந்த 'வள்ளி திருமணம்', 'பவளக்கொடி', 'அரிச்சந்திரா'. ஊர்க் கோயில் கொடையோ முளைப்பாரியோ என்றால் ஒரு நாள் நாடகம் வைப்பார்கள். ஆர்மோனியம், மிருதங்கம், விதவிதமான சத்தம் கொடுக்கும் 'ஆல்ரவுண்ட்', பபூன், டான்ஸ், அப்புறம் ராஜபார்ட். முருகனும் நாரதரும் ராகம் மாற்றி மாற்றித் தர்க்கம் செய்யும்போது முன்வரிசையில் இருக்கும் பெரியவர்கள் தப்புத் தாளத்தைக் கண்டுபிடித்துச் சத்தம் போடுவார்கள். இவர்களுக்கு ரசிகர் என்ற பட்டத்தை யாரும் கொடுத்ததில்லை.

இதன் பொருளாதாரம் சபாவுக்கு நேர் எதிர். டிக்கெட் கிடையாது. ஊர் வரி போட்டு, வெளியூரில் இருப்பவர்களிடம் நன்கொடை வாங்கி, மொத்தமாகப் பேசிக் கொடுத்துவிடுவார்கள். நடிகர் சங்கங்கள் வழியாகத் தேதி பேசப்படும். கலைஞர் கைக்குப் பணம் நிச்சயம் வரும். ஆனால் சீசன் மாசியில் ஆரம்பித்து ஆடி வாக்கில் முடிந்துவிடும், மிச்ச மாதங்கள் காய்ச்சல்தான். இப்போது அந்த ஒரு நாளுக்கும் போட்டி வந்துவிட்டது: சினிமாப் பாட்டு 'ஆடல் பாடல்' குழுக்கள். இளவட்டங்கள் அதைக் கேட்கிறார்கள், பெரியவர்கள் நாடகம் கேட்கிறார்கள், ஊர்க்கூட்டத்தில் சண்டை நடக்கிறது. ஆடல் பாடலுக்கு அனுமதி கேட்டு மதுரை உயர் நீதிமன்றக் கிளைக்குப் போகும் ஊர்கள் உண்டு. ஆபாசம் கூடாது, சாதிப் பாட்டு கூடாது என்று நிபந்தனைகளோடு அனுமதி வரும். எது பெரிய விழா, எது மாற்று விழா என்று கேட்டால் இங்கே பதில் சொல்வது கஷ்டம். சென்னையில் 'மாற்று' என்று பெயர் வாங்கும் பறையும் ஒப்பாரியும் இங்கே அன்றாடம். அதே சமயம், சாவு வீட்டில் அடித்த பறையை அதே ஊர்த் திருவிழா மேடையில் ஏற்ற எத்தனை ஊர் தயார் என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு சட்டென்று நின்றுவிடும். மார்கழியில் மக்களிசை சபாக்களைப் பார்த்துக் கேட்ட அதே கேள்வி, ஊர்க் கோயில் கமிட்டியையும் பார்த்துத்தான் நிற்கிறது.

நீங்கள் கேட்கப் போவதாக இருந்தால்...

டிசம்பரில் சென்னை போகிறவர்கள், சபாக்களின் மதியக் கச்சேரியில் இலவசமாக உட்காரலாம். இளம் கலைஞர்களுக்கு ஆள் வருவது அப்போதுதான் முக்கியம். பாரிமுனைப் பக்கம் ராஜா அண்ணாமலை மன்றத்தில் தமிழ் இசைச் சங்க விழா நடக்கும். மக்களிசை நிகழ்ச்சிகளின் தேதி, இடம் ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால் அவர்களின் சமூக வலைதளப் பக்கத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

சென்னை வரை போக முடியாதவர்கள் பங்குனி வரை பொறுங்கள். காரைக்குடியில் கம்பன் விழா, குன்றக்குடியில் பங்குனி உத்திரம், சுற்றுவட்டாரக் கிராமங்களில் நாடகம் என்று ஒன்றையடுத்து ஒன்று வரும். எந்த ஊரில் என்றைக்கு வள்ளி திருமணம் என்பது சுவரொட்டியில் இருக்கும், ராஜபார்ட், ஸ்திரீபார்ட் போட்டோக்களோடு. இரவு 10 மணி என்று போட்டிருந்தாலும் பபூன் வரவே 11 ஆகும், முருகன் வர இன்னும் நேரமாகும். பாயும் போர்வையும் கையோடு கொண்டுபோங்கள்.